தூபகலசத்தைக் கீழே வைத்தவர்

மார்ச் 3, திங்கள்

இன்றும் அப்பா ஜெயித்தார். எல்லோரும் கைவிரித்த ஈரல் கட்டி. முழுசாக எடுத்துவிட்டார்! மயக்க மருந்தும் மூச்சும் என் பொறுப்பு, அதனால் நான் நோயாளியின் தலைமாட்டில். திரைக்கு மேலே எட்டிப் பார்த்தால் அவர் விரல்கள் போகிற அழகே தனி. வெளியே வந்ததும் நெஞ்சை நிமிர்த்திக் கேட்டார்: "இதைச் செய்ய என்னை விட்டா யாரு இருக்கா? சொல்லு பாப்போம்."

இளைய சர்ஜன் நெட்டையன் பக்கத்திலேயேதான் நின்றான். சுவரைப் பார்த்துக்கொண்டான்.

மருத்துவமனையே அவர் கட்டியது. பெருமைப்படக் கூடாதா என்ன?

மார்ச் 12

தையல் போடும்போது அப்பாவின் வலது கை நடுங்கியது. நெட்டையனும் பார்த்தான். இருவரும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டோம்.

மார்ச் 13

"காப்பி கொஞ்சம் கூடிப்போச்சும்மா" என்றார். அவர் காப்பியே குடிப்பதில்லை.

மார்ச் 23, ஞாயிறு

சபையில் அப்பா பிரசங்கம். வேதத்தில் வரும் உசியா ராஜாவைப் பற்றி. கோபுரம் கட்டினான், கிணறு வெட்டினான், யுத்தத்துக்கு இயந்திரம் செய்தான். பலப்பட்டதும் மனசு மேலே ஏறிவிட்டது. ஆசாரியர் மட்டும் காட்ட வேண்டிய தூபத்தைத் தானே காட்டத் தூபகலசத்தோடு ஆலயத்துக்குள் போனான். எண்பது ஆசாரியர்கள் வழிமறித்தார்கள். சீறினான். அந்த நொடியே நெற்றியில் குஷ்டம். சாகும்வரை தனி வீட்டில் கிடந்தான்.

அப்பா பேசினால் கேட்க வேண்டும். ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. "பெருமைக்காரனை ஆண்டவர் விட்டுவைக்க மாட்டார்!" என்று மேடையை அறைந்தார். அறைந்த கை அடங்கவில்லை. மெல்ல வேதப் புத்தகத்துக்கு அடியில் நுழைத்துக்கொண்டார்.

வீட்டில் அம்மா: "அருமையா பேசினீங்க. உங்க காதுலயும் விழுந்துச்சா?"

அப்பா குழம்பை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னார்.

மார்ச் 25

நரம்பு டாக்டரைப் பாருங்கப்பா என்றேன். "எனக்கே வைத்தியம் சொல்ற அளவுக்கு வளந்துட்டியா?"

நாளைக்கு ஒரு தையல்கார அம்மாவுக்குக் கணையத்தில் கட்டி எடுக்க வேண்டும். தானே செய்வேன் என்கிறார். கை தவறினால் அந்த அம்மா மேசையிலேயே போய்விடுவார். நெட்டையனிடம் தடுக்கச் சொன்னேன். "அவரை எதிர்த்தா நான் மூட்டை கட்ட வேண்டியதுதான் மேடம்."

அப்படியானால் நான்தானா?

மார்ச் 26, புதன் காலை

அந்த எண்பது பேருக்கும் பயமா இருந்திருக்காதா? எதிரே நிற்பது ராஜாவாச்சே. ஆனா அவங்க யாருக்கும் அவன் அப்பா இல்ல. எனக்கு— ஆண்டவரே, என்னால முடியல.

அதே நாள், மாலை

சொல்லிட்டேன்!

அந்த அம்மாவை இன்னும் உள்ளே கொண்டுவரவில்லை. அப்பா கை கழுவிக்கொண்டிருந்தார். போய் எதிரில் நின்றேன். "சார், நீங்க கத்தியை எடுத்தா நான் மயக்கம் குடுக்க மாட்டேன்."

முகம் ரத்தமாய்ச் சிவந்தது. "வெளிய போ. இது நான் கட்டின இடம்."

"நான் போகலப்பா. நீங்க போங்க." அப்போது நெட்டையன் வந்து என் தோளோடு தோளாக நின்றான். பின்னாலேயே தலைமை நர்ஸ்.

அப்பா கையை ஓங்கினார். சொட்டச் சொட்ட, எல்லோர் கண்ணெதிரிலும், அது நடுங்கியது.

"அப்பா, அந்த ராஜாவுக்குக் குஷ்டம் எப்ப வந்துச்சு? உள்ள போனப்ப இல்ல. தடுத்தவங்க மேல சீறினப்பதான். கலசம் அப்பவும் கையிலதான் இருந்துச்சு. கீழ வைக்க நேரம் இருந்துச்சுப்பா."

ஓங்கிய கையை அப்பா இறக்கினார். பிறகு துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். தொப்பியைக் கழற்றினார். நெட்டையனிடம், "நீ செய். பெரிய ரத்தக்குழாய்கிட்ட பாத்து—" நிறுத்திக்கொண்டார். "இல்ல. உனக்குத் தெரியும்." கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

நெட்டையன் சிங்கம் மாதிரி வேலை செய்தான். கட்டி முழுசாக வந்துவிட்டது! தையல்கார அம்மா கண் விழித்ததும் தண்ணீர் கேட்டார். அழுதுகொண்டே சிரித்தேன், பைத்தியம் மாதிரி.

மார்ச் 29

நடுக்குவாதம்தான் என்று நரம்பு டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார். "இது தண்டனையா?" என்று அம்மா கேட்டே விட்டாள். அப்பா சொன்னார்: "நோய் நோய்தான். இந்தக் கையோட அந்த அம்மா வயித்தைத் தொட்டிருந்தேன்னா, அது தண்டனை. ஆண்டவர் ஆள் அனுப்பித் தடுத்துட்டாரு. அதுவும் என் வீட்டிலேர்ந்தே."

ஏப்ரல் 30

இன்று நெட்டையனுக்குப் பெரிய வெற்றி. ஒரு லாரி டிரைவரைப் பிழைக்க வைத்துவிட்டான். டிரைவரின் மனைவியிடம் சொல்ல வெளியே வந்தேன். பெஞ்சில் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் அப்பா. இப்போதெல்லாம் தினமும் அங்கேதான் உட்கார்கிறாராம். "கதவுக்கு இந்தப் பக்கம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாமலே போயிருக்கும்" என்று நர்ஸிடம் சொன்னாராம்.

என்னைக் கண்டதும் அந்தப் பெண்ணோடு சேர்ந்து அவரும் எழுந்து நின்றார். அவர்தான் கேட்டார்:

"டாக்டர், அவரு நல்லா இருக்காரா?"