சூப் கடைக்காரியின் மூட்டை

இன்று காலை உங்கள் விளையாட்டுக் கருவியின் உறையைத் திறந்ததும் தைலம் மணத்தது. இடது பக்கக் குமிழில் உங்கள் கட்டைவிரல் பட்டுப் பட்டு ஏறிய வாசனை. ஏழு மாதமாக அதில் என் விரல்தான் இருக்கிறது, இருந்தும் போகவில்லை. துடைக்கவும் எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அழுவதற்காக இதை எழுத உட்காரவில்லை. உங்களிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு வேலையை முடித்துவிட்டேன் என்றும் சொல்ல வேண்டும்.

தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் நீங்கள். இரண்டு குமிழ்களை வைத்துக்கொண்டு வீடு மாதிரிப் பெட்டிகளைக் கப்பலிலிருந்து தூக்கி இறக்கிய கை, வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்கவில்லை. கைக்கு அடக்கமான இந்த விளையாட்டுக் கருவியை வாங்கிவந்த அன்று நான் சொன்னது நினைவிருக்கிறதா? "தலை வழுக்கையானதுக்கு அப்புறமா வர்றது இந்த விளையாட்டுப் புத்தி?" நீங்கள் சோபாவில் சாய்ந்துகொண்டு திரையில் வாள் வீசிக்கொண்டிருந்தீர்கள்.

அந்த முதல் விளையாட்டில் ஓர் உடைந்த பாலம் வரும். ஊர்மக்கள் தப்பிப் போகட்டும் என்று காவல்காரப் பெண் ஒருத்தி தனியாக நின்று சண்டை போட்டு அங்கே செத்துப்போனாள் என்று அதில் எல்லோரும் பேசிக்கொள்வார்கள். பல வருடம் கழித்து அதற்கு முன்கதையாக இன்னொரு விளையாட்டு வந்தது. அதில் அந்தக் காவல்காரியே நாயகி, பாலம் இன்னும் உடையவில்லை. உங்களுக்கு இன்னும் ஒரு வருடம்தான் என்று டாக்டர் சொன்ன அதே மாதம் அதை வாங்கினீர்கள்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, மருந்து ஏறுகிற கையாலேயே நீங்கள் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்தபோது கேட்டே விட்டேன்.

"அந்தப் பொண்ணு சாகப் போறான்னு தெரியும்ல? அப்புறம் என்னத்துக்கு இவ்வளவு மல்லுக்கட்டு?"

"சாவா. அத முதல் கேம்லயே சொல்லிட்டாங்க. அவ விழறதுக்குள்ள எத்தனை பேர் பாலத்தைத் தாண்டுறாங்க, அதுதான் என் கையில இருக்கு லா."

இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வோடு முடித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு விளக்கமாகச் சொன்னீர்கள். ஒவ்வொரு ஊராகப் போய், வழியில் வருகிற மிருகங்களோடு சண்டை போட்டு, மக்களிடம் பேசி, அவர்கள் மூட்டையைச் சுமந்து, பாலத்துக்குப் பக்கத்து முகாமில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். மொத்தம் இருபத்துநான்கு பேர். இருபத்துமூன்று பேர் வந்துவிட்டார்கள். ஒரு சூப் கடைக்காரி மட்டும் வர மறுத்தாள். அடுப்பை விட்டு வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

"இவ அப்படியே நீதான்" என்றீர்கள்.

"நான் என்ன சூப்பா விக்கிறேன்?"

"வாய் அதே வாய்தானே."

பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்தார். அவள் வராமல் பாலத்துச் சண்டையைத் தொடங்கவே மாட்டேன் என்று நீங்கள் முகாமிலேயே நின்றுவிட்டீர்கள். கடைசிவரை அங்கேதான் நின்றீர்கள்.

அந்த ஒரு வருடமும் வீட்டில் எனக்கு வேறொரு தொல்லை. துணி துவைக்கும் இயந்திரத்தின் முன்னால் என்னை நிறுத்துவீர்கள். கைப்பேசியில் டாக்டரைப் பார்க்க நேரம் பதிவு செய்யச் சொல்வீர்கள். இந்த வீட்டில் எந்தப் பொத்தானையும் நான் தொட்டதில்லை. எல்லாவற்றுக்கும் "ஏங்க" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், நீங்கள் வந்துவிடுவீர்கள். அந்த வருடம் வந்தீர்கள், ஆனால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் நின்றீர்கள்.

"நீயே அமுக்கு."

"ஒரு பட்டனை அமுக்கினா உங்க விரல் தேஞ்சா போயிடும்?"

"நீயே அமுக்கு லா."

நோயாளியோடு சண்டை போடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினேன்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். நீங்கள் போய் மூன்று மாதம் கழித்து, நீங்கள் நின்ற அந்த முகாமைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. கருவிக்கு மின்சாரம் ஏற்றித் திறந்தேன். முதல் வரியில் 'நியூ கேம்' என்று இருந்தது. எனக்கென்று புதிதாக ஒன்று திறக்கும், உங்களுடையது பக்கத்தில் பத்திரமாக இருக்கும் என்று நினைத்தேன். தேக்கா மார்க்கெட் மாடிக் கடையில் இத்தனை வருடம் ரவிக்கை தைக்கிறேன். அளவு நோட்டில் ஒருத்திக்குப் புதுப் பக்கம் திறந்தால் இன்னொருத்தியின் பக்கம் எங்கே போகிறது? ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ கேட்டது. படிக்காமல் 'எஸ்' என்று அமுக்கினேன். நீயே அமுக்கு என்றீர்களே, அமுக்கினேன்.

முகாம் இல்லை. காவல்காரி சின்னப் பெண்ணாக, கையில் வெறும் கம்போடு, முதல் ஊரின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

தேக்காவில் எங்கள் மாடிக்குக் கீழே கைப்பேசி பழுதுபார்க்கிறவரிடம் ஓடினேன். அவர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "போச்சு அக்கா. இதுல ஒரே ஒரு ஸேவ்தான், ஒரு பதிவுதான் வெக்க முடியும். பழசு மேலேயே எழுதிடுச்சு."

"மறுபடியும் அந்த இடத்துக்குப் போக முடியாதா?"

"விளையாண்டா போகலாம். ஆனா அது உங்க ஸேவ் லா, அண்ணனோடது இல்ல."

அன்று கடைக்குத் திரும்பி, வெட்ட வேண்டிய துணியை மடியில் போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அழுது முடித்ததும் எனக்கு வீம்பு வந்துவிட்டது. என் கையால் அழிந்ததை என் கையாலேயே அங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று முடிவு செய்தேன்.

முதல் ஊரின் காட்டுப்பன்றியே என்னைப் பதினோரு தடவை கொன்றது. எதிரி ஓங்கும்போது தடுத்தால் சீக்கிரம், அடி விழும்போது தடுத்தால் தாமதம். நடுவில் இமைக்கிற நேரம் ஒன்று இருக்கிறது. தையல் இயந்திரத்தில் ஊசி இறங்குகிற நேரம் என் காலுக்குத் தெரியும். அதைக் கட்டைவிரலுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு மாதம் ஆனது. புக்கிட் மேரா வீட்டிலிருந்து கடைக்குப் போய்வருகிற பேருந்தில் காலையிலும் மாலையிலும், கடையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் விளையாடினேன். அடுத்த கடை ஜெயா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னக்கா இது, சின்னப் பிள்ள மாதிரி?"

"பேசாத ஜெயா, இங்க ஒரு குடும்பம் ஆத்துல மாட்டிக்கிட்டு இருக்கு."

மறுவாரம் அவளே வந்து அந்தக் குடும்பம் கரை சேர்ந்ததா என்று கேட்டாள்.

அந்தக் காவல்காரியின் முடிவு எனக்கு முன்பே தெரியும். அதனாலேயே அவள் செய்கிற ஒவ்வொன்றும் கண்ணில் பட்டது. சந்தையில் அவள் புதுச் செருப்பு வாங்கினாள். அது எந்தப் பாலம்வரை நடக்கும் என்று தெரிந்ததால் நான் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். நம்முடைய பழைய நாட்களும் இப்போது எனக்கு அப்படித்தான் இருக்கின்றன. துறைமுகச் சீருடைக்கு இன்னொரு பை வைத்துத் தரச் சொல்லி நீங்கள் முதன்முதலில் என் கடைக்கு வந்த நாள். எதற்கு என்றேன். "சும்மா, மறுபடி வந்து பிரிக்கச் சொல்லலாம்ல" என்றீர்கள். அன்று முறைத்தேன். இப்போது அந்தப் பையின் ஒவ்வொரு தையலும் தெரிகிறது.

இருபத்துமூன்று பேரை முகாமுக்குக் கொண்டுவந்தேன். பிறகு உங்கள் சூப் கடைக்காரி. மூன்று வாரம் என் உயிரை வாங்கினாள். கெஞ்சினேன், விறகு வெட்டிக் கொடுத்தேன், அவள் கேட்ட மீனைப் பிடித்துவந்தேன். எல்லோருக்கும் செய்வது போல அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் போதும், வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிடுவாள்.

போன புதன்கிழமை, பேருந்தில் உட்கார்ந்திருந்தபோது, பின்னால் கைகட்டி நிற்கிற உங்கள் ஞாபகம் வந்தது. மூட்டையை அவள் வாசலிலேயே இறக்கி வைத்தேன். நாலடி தள்ளி நின்றேன். இரண்டு கட்டைவிரலையும் பொத்தான்களிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அவள் வெளியே வந்தாள். மூட்டையைப் பார்த்தாள். அவள் ஆங்கிலத்தில் திட்டியது எனக்குத் தமிழில்தான் கேட்டது: "மரம் மாதிரி நிக்காதே, வழியை விடு." அடுப்பை அணைத்து, மூட்டையைத் தானே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து இருக்கைச் சீனப் பெரியவர் திடுக்கிட்டுப் பையைக் கீழே போட்டுவிட்டார்.

அவளை உங்களால் கிளப்ப முடியவில்லை. என்னைக் கிளப்பிவிட்டுத்தான் போனீர்கள். அந்த ஒரு வருடமும் நீங்கள் எதைச் செய்துகொண்டிருந்தீர்கள் என்று எனக்கு அந்தப் பேருந்தில்தான் புரிந்தது. உங்களிடம் எரிந்து விழுந்ததற்கெல்லாம் மனம் அடித்துக்கொண்டது.

இன்று ஞாயிறு. மதியம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பாலத்துச் சண்டையைத் தொடங்கினேன். அதில் ஜெயிக்க முடியாது. எத்தனை எதிரிகளை வீழ்த்தினாலும் வந்துகொண்டே இருந்தார்கள். அவளால் முதலில் ஓட முடியவில்லை, பிறகு வாளை ஓங்க முடியவில்லை, கடைசியில் தடுக்கிற பொத்தான் மட்டும் மிச்சம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் ஒவ்வொருவராகப் பாலத்தைத் தாண்டினார்கள். இருபத்துநான்காவதாக, மூட்டையோடு, சூப் கடைக்காரி தாண்டினாள். அதன் பிறகுதான் காவல்காரி விழுந்தாள்.

திரை கொஞ்ச நேரம் இருண்டு கிடந்தது. பிறகு அன்று கேட்ட அதே நீளமான கேள்வியைக் கேட்டது. இன்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். பழைய பதிவின் மேல் எழுதட்டுமா என்று கேட்கிறது. பழைய பதிவு என்பது அந்த முகாம், நீங்கள் நின்ற இடம், ஏழு மாதம் மல்லுக்கட்டி நான் திரும்பக் கொண்டுவந்த இடம். வேண்டாம் என்றால் அங்கேயே இருக்கலாம்.

"ஏங்க" என்று வாய்வரை வந்தது.

'எஸ்' என்று நானே அமுக்கினேன்.