பலகையில் ஓர் இடம்

க்ளிஷி, ஏப்ரல் 1877

அன்பு மகன் ஃபிர்மேனுக்கு அம்மா எழுதுவது. அல்ஜீரியா வெயிலில் உடம்பு எப்படி இருக்கிறது? அப்பா இறந்துபோன செய்தியைப் பாதிரியார் எழுதினார். இதை நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரிக்காதே.

எனக்குச் சலவைத் துறையில் வேலை இருக்கிறது. அப்பாவின் கரி படிந்த தொப்பியைத் துவைக்க மட்டும் மனம் வரவில்லை.

போன இலையுதிர் காலத்தில் ஓவியர் ஒருவர் பாலத்தடியில் வந்து உட்கார்ந்தார். படகிலிருந்து கரிக்கூடையோடு பலகை மேல் கரைக்கு வருகிறவர்களை வரைந்தார். கொஞ்சம் நிற்கச் சொன்னாராம். "நின்னா பலகை எங்களை ஆத்துல தூக்கிப் போட்டுடும், நீங்க வேணா கூட ஓடிவந்து வரைங்கய்யா" என்று அப்பா சொல்ல, எல்லோரும் சிரித்தார்களாம்.

அதற்கு முந்தின வருஷம் நீ பலகை நடுவில் நின்றுவிட்டதையும், பின்னால் வந்தவன் ஆற்றில் விழுந்ததையும், "இனிமே பலகையில கால் வைக்காதே" என்று அப்பா எல்லோர் முன்னாலும் கத்தியதையும் நான் மறக்கவில்லை. மறுவாரமே நீ பட்டாளத்துக்குப் போய்விட்டாய்.

அந்த ஓவியரின் படம் பாரிஸில் ஒரு கண்காட்சியில் மாட்டியிருப்பதாகக் கரித்துறை மேஸ்திரி சொன்னார். ஞாயிறன்று நடந்தே போனேன். கிட்டே போனால் வெறும் தீற்றல்கள். "கரி சுமக்கிறவனையெல்லாமா செவுத்துல மாட்டுவாங்க?" என்று ஒரு பெரிய மனிதர் சிரித்தார். நாலடி பின்னால் வந்தேன். நடந்தார்கள், ஃபிர்மேன்! பலகை வளைகிறது, ஆலைப் புகை நகர்கிறது, தண்ணீர் நடுங்குகிறது. கோயிலில் நிற்பதுபோல் கைகூப்பி நின்றுவிட்டேன்.

யாருக்கும் முகமில்லை. எல்லோருக்கும் வலது தோளில் கூடை, ஒருவருக்கு மட்டும் இடது தோளில். நம் வீட்டு இடதுகைக்காரர். அவருக்குப் பின்னால் ஓர் ஆள் அளவு இடம் காலி. அதன் வழியே ஆறு மின்னுகிறது.

அது நீ நடந்த இடம். நீ போனபிறகு அங்கே அப்பா யாரையும் நடக்கவிடவில்லை. "யாருக்குய்யா எடம் புடிக்கிற, உன் மாமியாருக்கா?" என்று மேஸ்திரி கிண்டல் செய்வாராம். "எம்புள்ள வருவான்" என்பாராம். என்னிடம்கூட அவர் சொன்னதில்லை. முன்பின் தெரியாத அந்த ஓவியர் அதைப் பார்த்து அப்படியே வைத்திருக்கிறாரே!

மாதக் கடைசியில் படங்களை இறக்கிவிடுவார்களாம். எப்படியாவது விடுப்பு கேள். மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவரட்டும். படத்துக்கு முன்னால் நாலடி தள்ளி நில், மகனே. அங்கே எவ்வளவு நேரம் நின்றாலும் யாரும் திட்டமாட்டார்கள்.

உன் அம்மா
ஸெலி