ரஹீம் அனுப்பிய பாட்டரி

ஜூன் 11, 2009. வியாழன்

காலை எட்டு மணிக்கே சுடுகிற வெயில். தம்பி ரஹீம் வாங்கும்போதே இந்தப் பாட்டரிகள் செத்திருந்தனவா, இங்கே வந்த பிறகு செத்தனவா? எனக்குத் தெரியவில்லை. சோதித்தால் தெரிந்துவிடும் என்று அவன் மனைவி சபியாவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதுவும் நிச்சயமில்லை.

கல்லூரி ஆய்வகத்திலிருந்து எடுத்தவை: மல்டிமீட்டர், பவர் சப்ளை, நான்கு கிளிப்பு ஒயர். கடையில் வாங்கியது: கார் முன்விளக்கு பல்பு இரண்டு, ஒன்று எரிந்துபோனால் இன்னொன்று. துறைத்தலைவர் எதற்கென்று கேட்கவில்லை. துக்க வீட்டுக்காரியிடம் யாரும் இப்போது எதுவும் கேட்பதில்லை.

ரஹீமுக்கு ஷார்ஜாவில் பழைய கார்களைப் பிரிக்கும் யார்டில் வேலை. பெட்ரோலிலும் மின்சாரத்திலும் மாறி மாறி ஓடும் ஜப்பான் கார் ஒன்று உடைப்புக்கு வந்திருக்கிறது. அதன் பாட்டரியை அவனே வாங்கி, பிரித்து, கார்கோவில் வீட்டுக்கு அனுப்பினான். மொத்தம் இருபத்தெட்டு மாட்யூல், அதாவது தனித்தனிப் பாட்டரித் துண்டு. ஒவ்வொன்றும் கறுப்பு பிளாஸ்டிக், பள்ளிக்கூட ஸ்லேட்டுபோல் தட்டை, கொஞ்சம் தடிமன். இவற்றை மறுபடி கோத்து வீடுகளுக்கு இன்வர்ட்டர் செய்வது, காரைக்காலிலேயே கடை போடுவது, திரும்பிப் போகாமலே இருந்துவிடுவது. இதுதான் திட்டம்.

பெட்டி மாசியில் வந்தது. அவன் வரவில்லை. போன மாதம் மாரடைப்பு. அங்கேயே அடக்கம். நாங்கள் யாரும் முகம் பார்க்கவில்லை.

மாலையில் சபியா வீடு. இத்தாவில் இருக்கிறாள், கணவன் இறந்தபின் நான்கு மாதம் பத்து நாள். உள்ளறையை விட்டு வெளியே வருவதில்லை, அந்நிய ஆண்கள் கண்ணில் படுவதில்லை. வெள்ளைச் சேலையில் சின்னப் பெண்ணாகத் தெரிகிறாள்.

“லாத்தா, ஒண்ணு கேட்டா உண்மையச் சொல்வீங்களா? மச்சான் ஏமாந்துட்டாங்களா?”

மவுத்துச் செய்தி வந்த அன்று எங்கள் பெரியத்தா, அத்தாவின் அண்ணன், கூடத்தில் உட்கார்ந்து சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது. “பாவம், கடைசியாவும் குப்பையத்தான் அனுப்பி வச்சிருக்கான்.” சிலர் சிரித்தார்கள். துக்க வீட்டில் சிரிக்கும் அளவுக்கு அவன் பெயர் அப்படி. முன்பு அவன் அனுப்பிய ஓடாத தையல் மெஷின்கள், படம் வராத கம்ப்யூட்டர் திரைகள், ஊரே பார்த்திருக்கிறது.

உண்மையைச் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 12, வெள்ளி

கல்லூரிக்கு விடுப்பு. சபியா வீட்டுக் கூடத்தில் மேசை போட்டுச் சோதனை. சும்மா வைத்து அளந்தால் பெரும்பாலானவை ஏழு வோல்ட்டுக்கு மேல். பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. பல்பை இணைத்ததும் வோல்ட்டேஜ் கீழே விழுகிறது. பல்பு சிவந்து, மங்கி, அவ்வளவுதான். சார்ஜ் ஏற்றிப் பார்த்தேன். கை வைக்க முடியாத சூடு. பாதிக்கு மேல் வயிறு உப்பி இருக்கின்றன.

ஜும்ஆ தொழுகை நேரத்தில் கரண்ட் போயிற்று. வியர்வை. மீன் குழம்பு, சோறு. சபியா சாப்பிடவில்லை, தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவளாகச் சொன்னாள். “பெட்டி கப்பல்ல நனைஞ்சு வந்திருந்துச்சு லாத்தா. மச்சான்கிட்ட போன்ல சொன்னேன். ஈரம் மட்டும் ஆகக் கூடாது, பத்திரமா வைன்னாங்க. நான் விடுவனா? மாடியில பாய விரிச்சு, கருவாட்டுக்குப் பக்கத்துலயே வரிசையா அடுக்கி, தினம் காய வச்சேன். சாயங்காலம் துணியால தொடச்சு எடுத்து வைப்பேன். மாசி, பங்குனி, சித்திரை, ஒருநாள் விட்டதில்ல.”

பெருமையாகச் சொன்னாள். அவன் சொன்ன ஒன்றையும் தட்டாதவள் என்கிற பெருமை.

கறுப்பு பிளாஸ்டிக். சித்திரை மாடி. இந்த வகை பாட்டரிக்குச் சூடுதான் எமன். நான் தண்ணீர் குடிக்கும் சாக்கில் எழுந்து போனேன்.

ஆனால் நிரூபணம் எங்கே? யார்டில் வரும்போதே செத்திருக்கலாம். ஓடாத கார் எதற்காக ஓடாமல் போயிற்று? பெரும்பாலும் பாட்டரியால். ரஹீம் ஏமாந்திருக்கவே சாத்தியம் அதிகம். அவன் ஏமாறாத நாள் எனக்கு நினைவில்லை.

ஜூன் 13, சனி

போலகத்து செல்வம் வந்தார். இன்வர்ட்டர் கடைக்காரர். ரஹீமோடு கூட்டுச் சேர இருந்தவர். வாசல் பக்கமாகவே நின்று பேச்சு. சபியா உள்ளே, திரைக்குப் பின்னால்.

“என்ன டீச்சர், எல்லாம் பெயிலா? கிரேஸ் மார்க் போட்டு ஒண்ணு ரெண்டப் பாஸ் பண்ணி விடக் கூடாதா?”

“இதுவரை ஒன்றும் தேறவில்லை” என்றேன்.

“ஜப்பான்காரன் செஞ்சு, அரபிக்காரன் ஓட்டித் தேச்சு, நம்ம ஆளு தூக்கிட்டு வந்தா இப்படித்தான். கடைக்கு போர்டுகூட எழுதச் சொல்லிட்டான் டீச்சர், போன்லயே. அவன் பேரு மேல, என் பேரு கீழ. அதுக்கு ஒரு சண்டை எங்களுக்கு.” சிரித்துக்கொண்டே வந்தவர் சட்டென்று துண்டால் முகத்தைத் துடைத்தார். திங்கள்கிழமை வந்து பழைய இரும்புக்கு எடுத்துப்போவதாக ஏற்பாடு. எண்ணிப் பார்த்தார். இருபத்து நாலு.

“இருபத்தெட்டுன்னானே?”

திரைக்குப் பின்னாலிருந்து சபியா: “நாலு பீரோவுக்கு அடியில இருக்கு அண்ணே. மழைக்குத் தண்ணி உள்ள வருதுல்ல, அதான் காலுக்கு ஒண்ணா முட்டுக் கொடுத்தேன். பெட்டி வந்த அன்னைக்கே வச்சது.”

பெட்டி வந்த அன்றே. அப்படியானால் வெயில் பார்க்காதவை.

சபியா அடுப்பங்கரைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு செல்வம் உள்ளே வந்து பீரோவைத் தூக்கினார். நான்கையும் உருவினேன். நசுங்கவில்லை. உப்பவில்லை. சிமெண்டுத் தரையின் குளிர்ச்சி அவற்றில் இருந்தது.

“இதுவாவது தேறட்டும்னு வேண்டிக்குங்க டீச்சர்.”

நான் எதை வேண்டுவது? இவை செத்திருந்தால் தம்பி ஏமாந்தவன். பிழைத்திருந்தால் கெடுத்தது சபியா.

ஜூன் 14, ஞாயிறு

நேற்றிரவே நான்கையும் என் வீட்டுக்கு எடுத்து வந்து மெதுவாக சார்ஜ் ஏற்றினேன். சூடு இல்லை. காலை பத்தரைக்கு முதல் மாட்யூலில் பல்பு. எரிந்தது. உலை வைத்து, சோறு வடித்து, நான் சாப்பிட்டு முடித்தும் எரிந்துகொண்டிருந்தது. மீட்டரில் முள் இறங்கவே மனமில்லாததுபோல் நின்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கொஞ்சம் முன்னால் விழுந்தது. நான்காவது எல்லாவற்றையும்விட நன்று.

அவன் சரியாகத்தான் பார்த்து வாங்கியிருக்கிறான்.

 வாழ்நாளில் ஒருமுறை சரியாகத் தேர்ந்தெடுத்தான். அதை அவனிடம் சொல்ல முடியாது. போனில் அவன் அந்தப் பாட்டரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது, “பரீட்சைப் பேப்பர் இருக்கு, அப்புறம் பேசு” என்று வைத்தவள்தான் நான்.

சந்தேகத்தையும் எழுதிவிட வேண்டும். நான்கை வைத்து இருபத்து நான்கைப் பற்றிச் சொல்ல முடியாது. தவிர, இந்த வகை மாட்யூலைக் காரில் இறுக்கிக் கட்டித்தான் வைப்பார்கள், உப்பாமல் இருக்க. பீரோவின் கனமே அந்த வேலையைச் செய்திருக்கலாம். நிழல் காப்பாற்றியதா, கனம் காப்பாற்றியதா? மாணவி எழுதியிருந்தால் மதிப்பெண் குறைத்திருப்பேன்.

ஆனால் சபியா கேட்பது இதையல்ல.

கப்பல் என்று சொல்லிவிடலாம். கண்டெய்னருக்குள் சூடு, அதில் கெட்டுவிட்டது, யார் மேலும் தப்பில்லை. ரஹீமும் ஏமாறவில்லை, இவளும் கெடுக்கவில்லை. இத்தா முடியும்வரை அவளால் ஓர் அறைக்குள்தான் இருக்க முடியும். அந்த அறைக்குள் இதையும் போட்டு மூடுவானேன்? நாளை கப்பல்தான்.

ஜூன் 15, திங்கள்

காலையில் போனேன். நான்கு மாட்யூல் நன்றாக இருப்பதைச் சொன்னேன். மற்றவை கப்பல் சூட்டில் கெட்டிருக்கும் என்றேன். பாடம் நடத்தும் குரலில்தான் சொன்னேன்.

சபியா கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, “எல்லாம் ஒரே பெட்டியிலதானே லாத்தா வந்துச்சு? அந்த நாலு மட்டும் கப்பல்ல ஏறலயா?”

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

“வெயிலா?”

“இருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியாது.”

“வெயில்தான்.” உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அப்ப மச்சான் ஏமாறல.”

“ஏமாறலம்மா. நல்ல சாமானாத்தான் பார்த்து வாங்கியிருக்கான்.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றாள்.  முகத்தில் நான் பயந்தது எதுவும் இல்லை.

பதினோரு மணிக்கு செல்வம் தட்டு ரிக்‌ஷாவோடு வந்தார். இருபத்து நான்கையும் சாக்கில் போட்டுக் கட்டும்போது, திரைக்குப் பின்னாலிருந்து அவள் குரல். வாசலில் நின்ற பக்கத்து வீட்டாருக்கும் கேட்கும்படியாக:

“அண்ணே, அவங்க வாங்கினது நல்ல சாமான். மாடியில காய வச்சுக் கெடுத்தது நான். கடையில கேக்குறவங்ககிட்ட அப்படியே சொல்லுங்க. பெரியத்தாகிட்டயும் சொல்லுங்க.”

செல்வம் என்னைப் பார்த்தார். தலையசைத்தேன்.

“சொல்றேம்மா. கண்டிப்பா சொல்றேன்.”

ரிக்‌ஷா தெரு திரும்பியதும் உள்ளே அழும் சத்தம். செய்தி வந்த அன்றுகூட இப்படி அழவில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.  என் மடியில் தலை வைத்துக்கொண்டாள். கல்லூரிக்கு மதியமும் போகவில்லை.