ரேகை இல்லாத விரல்

மே 4

இன்றும் வாசல் மெஷின் 'அடையாளம் தெரியவில்லை' என்றது. விரலைத் துடைத்து வைத்தேன், ஊதி வைத்தேன். ம்ஹூம். பன்னிரண்டு வருடமாக அமிலத்திலும் ஸ்பிரிட்டிலும் செம்புத் தகடு கழுவிய கை. ரேகை எப்போதோ தேய்ந்துவிட்டது. வழக்கம்போல் காவலாளிதான் கதவைத் திறந்துவிட்டார்.

மே 9

அலுவலகக் கடிதம். மெஷின் மாட்டியதிலிருந்து அறுபத்தொரு வேலை நாள் நான் வரவே இல்லையாம். தொடர்ந்து அறுபது நாள் வராதவர் வேலையை விட்டவர் என்று விதி. மாதக் கடைசிக்குள் ஆதாரம் காட்டாவிட்டால் வேலை போய்விடும்.

என் வீட்டுக்காரர் இரண்டு தடவை படித்தார். "அப்ப தினம் சாப்பாட்டு டப்பாவத் தூக்கிக்கிட்டு எங்கதான் போற?"

இவருக்குமா சந்தேகம்?

மே 11

வருகைப் பதிவு அதிகாரியிடம், நான் கழுவிய தகடுகளின் பட்டியலைக் கொடுத்தேன். "வேலை நடந்திருக்கு, நான் மறுக்கல. நீங்கதான் செஞ்சீங்கன்னு என்ன ஆதாரம்?" என்றார்.

ரேகை விழாத யாரையும் தான் உள்ளே விட்டதில்லை என்று காவலாளி எழுதிக் கொடுத்துவிட்டாராம். அவருக்கும் வேலை முக்கியம்.

மே 12

ஆய்வகத்தின் இயக்குநரிடம் போனேன். ஆய்வு நடக்கும் சுரங்கத்துக்குள் எல்லோரும் தலை முதல் கால் வரை வெள்ளை உடை, முகமூடி. வெள்ளையாக ஓர் உருவம் தினம் நின்றது உண்மை, அது நான்தான் என்று சத்தியம் செய்ய முடியாது என்றார்.

யார் சொல்வது! விண்மீன் கூட்டங்கள் சுற்றும் வேகத்துக்குக் கண்ணுக்குத் தெரியும் எடை போதாது, ஆகவே அங்கே தெரியாத ஒன்று உண்டு என்று முப்பது வருடமாக ஊருக்குச் சொல்பவர். கேட்டுவிட்டேன். "ஏதோ இருக்குங்கறது வேற. அது துகள்தான்னு சொல்ல, ஒண்ணாவது வந்து முட்டணுமே" என்றார். முட்டினால் மினுங்கும். அதற்குத்தான் நான் கழுவும் தகடுகளால் ஆன அந்தச் செம்புத் தொட்டி. இதுவரை சுழி.

மே 16

மூன்று மினுக்கல்! இயக்குநர் அழுதுவிட்டார். வெள்ளிக்கிழமை உலகத்துக்கு அறிவிப்பு. என் கடிதமே எனக்கு மறந்துபோனது.

மே 18

மூன்றும் ஒரே மூலையில். அண்டமெல்லாம் நிறைந்திருப்பது மூலை பார்த்தா வரும்?

அது நான் மூடிய மூலை. மார்ச் 17, காலையில் கழுவி மாலையில் முத்திரை வைத்தோம். நடுவில் ஒரு திருகு உட்காரவில்லை — ஒரு நொடி, ஒரே நொடி, கையுறையைக் கழற்றினேன். வியர்வை உப்பில் இருக்கும் பொட்டாசியம் கொஞ்சம் கதிர் விடும். அது ஒட்டக்கூடாது என்றுதானே இத்தனை கழுவலும்.

சொன்னால் இயக்குநருடைய முப்பது வருடம் போச்சு. எனக்கும் மிச்சமிருக்கும் ஆதரவு போச்சு. பேசாமல் இருந்தால்? எப்படியும் மாதக் கடைசியில் நான் வேலையில் இருக்கப் போவதில்லை. பயமாக இருக்கிறது.

மே 19

சொல்லிவிட்டேன். அறிவிப்பு நின்றது. அவர் தொட்டியைத் திறக்கும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

மே 21

தொட்டியைத் திறந்தார்கள். நான் சொன்னது மட்டும் போதாதாம்; தொட்டது யார் என்று ரேகையை ஒப்பிட, வருகைப் பதிவு அதிகாரியும் வெள்ளை உடையில் இறங்கி வந்திருந்தார். விளக்கடியில் விரல் வடிவில் ஒரு கறை. பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். கோடு ஒன்றுகூட இல்லை.

"இந்த வளாகத்துல ரேகையே இல்லாத விரல் ஒண்ணுதான். எங்க மெஷின் அறுபத்தொரு தடவை சொல்லியிருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மே 30

உத்தரவு வந்தது. கறை விழுந்த மார்ச் 17 மட்டும் வருகை, மற்ற அறுபது நாளும் வரவில்லை. நடுவில் ஒரு நாள் வந்திருப்பதால் தொடர்ச்சி அறுந்துவிட்டது, வேலை நிலைக்கிறது. அந்த ஒரு நாளுக்கு, கையுறை இல்லாமல் தொட்டதற்காக எழுத்து மூலம் கண்டனம்.

இயக்குநர் இன்றுதான் என்னிடம் பேசினார். "முப்பது வருஷத்துல இந்தத் தொட்டி கண்டுபிடிச்சது உன்னை ஒருத்தியத்தாம்மா."

ஜூன் 3

வாசல் மெஷினுக்கு இன்றும் என்னைத் தெரியவில்லை. கீழே போய், நான் வேலைக்கு வந்ததற்கு இருந்த ஒரே ஆதாரத்தை நானே தேய்த்துக் கழுவினேன். இரண்டு கையுறை, ஒரு மணி நேரம். சுத்தமாகப் போய்விட்டது.