பச்சை மல்லாட்டை

ஜூன் 3, 1983. வெள்ளி. ஆரணி.
அனல் காற்று. வேலூர் பஸ்ஸில் கண்ணமங்கலம் வரை நின்றுகொண்டே. தம்பி சாமுவுக்கு விடாத இருமல் என்று அம்மா கார்டு போட்டிருந்தாள். வேலூர் ஆஸ்பத்திரி லேபில் எனக்கு நாலு நாள் லீவு.

சாமு பாதியாகிவிட்டான். இருபத்து மூன்று வயசு, இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. தறிகளுக்கு டிசைன் அட்டை குத்தும் வேலைக்கு இரண்டு வாரமாகப் போகவில்லை. பால் இல்லாத டீ குடிக்கிறான். பாலேட்டைத் திருடித் தின்று அடி வாங்கியவன் இவன்.

அம்மா உரலில் பச்சை மல்லாட்டை இடித்துக்கொண்டிருந்தாள். வேர்க்கடலையை வறுக்காமல் அவிக்காமல் எதற்கு இடிக்கிறாள்? கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

வாங்க வேண்டியது: சோப்பு, டார்ச் பேட்டரி, இருமல் மருந்து.

ஜூன் 4, சனி.
சொல்லிவிட்டான். விரையில் கட்டி. போன கிறிஸ்துமஸிலிருந்து. வலி இல்லையாம்.

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"அக்காகிட்ட எப்படி சொல்றது? அம்மாகிட்ட சொன்னேன். நீதான் இதுக்கு மருந்து கண்டுபுடிச்சிகினு இருக்கியேன்னு அம்மா சொல்லிச்சு."

கிறிஸ்துமஸ் பிரியாணியின்போது நான் அளந்ததெல்லாம் ஞாபகம் வந்தது. மல்லாட்டையில் லெக்டின் என்று ஒரு புரதம். கருவில் உள்ள செல் போலவே வளரும் ஒரு வகைக் கட்டி உண்டு, எலிகளில் பார்க்கிறோம். அந்தச் செல்லின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரையை இந்தப் புரதம் கப்பென்று பிடித்துக்கொள்ளும். முதிர்ந்த செல்லைத் தொடாது. வேகவைத்தால் புரதம் கெட்டுவிடும். பாலில் உள்ள சர்க்கரையைச் சேர்த்தால் பிடி விட்டுப்போகும்.

ஒட்டும் என்றேன். கொல்லும் என்று சொல்லவில்லை. கொல்லாது என்றும் சொல்லவில்லை.

அம்மா ஒன்று விடாமல் கேட்டிருக்கிறாள். ஆறு மாதமாகத் தினம் காலையில் ஒரு கைப்பிடி பச்சை மல்லாட்டை. பால் அறவே கிடையாது.

"நீ சொன்ன மாதிரிதான்டி குடுத்துகினு வந்தேன். அளவு ஏதாச்சும் தப்பா?"

சாமுவை வேலூர் கூட்டிப்போக அவன் துணியை மடித்துப் பையில் வைத்தேன்.

ஜூன் 7, செவ்வாய். வேலூர்.
எக்ஸ்ரே. இரண்டு நுரையீரலிலும் உருண்டை உருண்டையாக. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கட்டி சின்னதா இருக்கும்போதே வந்திருக்கணும்மா. லேப்ல இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாதா?" தெரியும் சார் என்றேன்.

நாளை ஆபரேஷன். எலிக்கூண்டு கழுவ ஆள் வரவில்லை, நானே கழுவினேன்.

ஜூன் 15, புதன்.
ரிப்போர்ட் வந்தது. கருச்செல் புற்று. இத்தனை வருஷம் எலியில் பார்த்த அதே ஜாதி.

டாக்டரிடமும் சாமுவிடமும் கேட்டு, வெட்டியெடுத்த கட்டியில் ஒரு துண்டு வாங்கினேன். "எடுத்துக்கோ, எனக்கு எதுக்கு அது" என்று சிரித்தான். ஒளிரும் சாயம் ஏற்றிய மல்லாட்டை லெக்டின், அரை மணி. மூன்று முறை கழுவல்.

மைக்ரோஸ்கோப்பில் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பச்சை வளையம். இவ்வளவு நல்ல ஸ்லைடு எனக்கு இதுவரை வந்ததில்லை. பார்த்ததும் ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். சீ.

பால் சர்க்கரை சேர்த்த ஸ்லைடில் வெறும் இருட்டு. நான் வீட்டில் சொன்னது எல்லாமே சரி.

ஜூன் 26, ஞாயிறு. ஆரணி.
சர்ச்சுக்குப் போகவில்லை. புற்றுக்குப் போடும் ஊசி மருந்தை இவன் உடம்பு தாங்காது என்று அனுப்பிவிட்டார்கள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது.

காலையில் சாமு, "அக்கா, பால் காப்பி குடேன். ஏடோட."

போட்டேன். எடுத்துக்கொண்டு போகையில் உரலடியில் அம்மா. டம்ளரையே பார்த்தாள்.

"பால் குடுக்கலாமா?"

"குடுக்கலாம்மா."

கையில் இருந்த மல்லாட்டையை முறத்தில் போட்டாள்.

சாமு ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டான். பால் தீர்ந்திருந்தது. அம்மாவே செம்பை எடுத்துக்கொண்டு வாங்கப் போனாள்.