திறக்க வராத மூடி

பாப்பாவின் அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முதுகுவலி தேவலையா? அத்தை வேளைக்கு மாத்திரை போடுகிறார்களா?

நான் வேலை பார்க்கும் வீட்டுச் சின்னவளுக்கு நம் பாப்பா வயதுதான். போன வாரம் அவளுக்குப் புது சாப்பாட்டு டப்பா வாங்கினார்கள். நான்கு நாளாகக் கட்டிக்கொடுத்தது அப்படியே திரும்பி வந்தது. என் கைப்பக்குவம்தான் பிடிக்கவில்லை என்று முட்டைச் சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு என மாற்றி மாற்றி வைத்தேன். முந்தாநாள் மடியில் உட்காரவைத்துக் கேட்டேன்.

"மூடி தொறக்க வரல. டீச்சர்கிட்ட கேக்க வெக்கமா இருந்துச்சு."

"அடி அசடே, அதுக்காகப் பட்டினியா கெடந்த?" என்று சிரித்துவிட்டேன். உடனே சோறு பிசைந்து ஊட்டிவிட்டேன். நேற்று பழைய டப்பாவில் கட்டினேன். வழித்துச் சாப்பிட்டு வந்தாள்.

நம் பாப்பாவின் டப்பாவை நீங்கள் திறந்து பார்த்தால் போதாது, அவளையே திறக்கச் சொல்லுங்கள். சோற்றை உருட்டி வையுங்கள், எடுத்துத் தின்னச் சுலபம். அப்படியே அவள் கையைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்து அனுப்புங்கள். விரல்களை நன்றாக விரிக்கச் சொல்லுங்கள். கைக்கு அடக்கமாக டப்பா வாங்க அளவு வேண்டும், வேறொன்றுமில்லை.

சின்னவளுக்குப் பள்ளிக்கூடம் விடும் நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

பாப்பாவின் அம்மா