தரை இன்னும் வேர்க்குது

ஜனவரி 27

கார் ஷெட்டுக்கு இன்று தரை போட்டாச்சு. அதற்காக ஸ்கூலுக்கு லீவு போட்டேன். ஆட்களுக்கு டீ போட்டுக் கொடுத்ததைத் தவிர நான் செய்த வேலை ஒன்றுமில்லை. பாவாதான் மேஸ்திரி சுப்பனுக்கே வேலை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பூபாலன் என்ற பெயரை ஆதார் கார்டில்தான் பார்க்க வேண்டும். மாமன் மகன் என்பதால் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பாவா, தாலி கட்டிய பிறகும் பாவா.

ஸ்டேஷனிலிருந்து மலைக் கோயிலுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிற அந்த வெள்ளைக் கார் இத்தனை வருஷமும் தெருவில் புங்கமரத்தடியில்தான் நின்றது. தினமும் காக்கா எச்சம் கழுவிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். இனி அதற்குக் கூரை உண்டு, தரை உண்டு. எனக்குத்தான் சமையலறையில் ஒரு நல்ல மேடை இல்லை. சொன்னேன். சிரித்தார்.

மத்தியானம் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். வயிறு ஒரு மாதிரி இருக்கிறதாம்.

ஜனவரி 30

தரையைச் சுற்றி வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறார். பார்க்க நாற்றங்கால் மாதிரி இருக்கிறது. காலையில் ஒரு கொக்கு வந்து நின்று பார்த்து ஏமாந்து போனது.

வண்டியை எப்போது உள்ளே விடுவது என்று கேட்டேன். தண்ணீர் நிற்க வேண்டும், பிறகு காய வேண்டும், பிறகு மேலே பெயிண்ட் மாதிரி சீலர் அடிக்க வேண்டும், அப்புறம்தான் வண்டியாம். சீலர் அடிக்காவிட்டால் சிமெண்டு எண்ணெயைக் குடித்துவிடும், கறை போகாது என்கிறார். எல்லாம் போனில் வீடியோ பார்த்து வந்த ஞானம். சுப்பனோ, கார் நிற்கிற இடத்துக்கு யார் இதெல்லாம் பண்ணுவாங்க என்று தலையில் அடித்துக்கொண்டான்.

சாயந்திரம் எதிர்வீட்டு மணியம்மை அக்கா ஓடி வந்தாள். "உங்க ஊட்டுக்கு சீல் வெக்கறாங்களாமே, இன்னா கேஸு?" என்று கேட்டாள். அவளுக்குப் புரிய வைப்பதற்குள் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. பாவா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்ததால்தான் பிடித்தார் என்று நினைத்தேன்.

பிப்ரவரி 8

வேலூர் போய் வந்தோம். மகள் மோனிகா சென்னையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். பாவாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு டாக்டர் எங்கள் இரண்டு பேரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

கணையமாம். பரவிவிட்டதாம். இனி அறுத்துப் பயனில்லையாம். கோடை தாண்டுவதே கஷ்டம் என்று மெதுவாகத்தான் சொன்னார். நல்ல மனிதர். அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவைத் திறப்பதற்கு முன் மோனிகா என் கையைப் பிடித்து, "நைனாகிட்ட சொல்லாதம்மா. தெரிஞ்சா அன்னைக்கே படுத்துடுவாரு" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தோம். அல்சர் என்று சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன்.

"காரம் சாப்புடலாமா?" என்று மட்டும் கேட்டார்.

பிப்ரவரி 9

அல்சர். அல்சர். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வருகிறது.

பிப்ரவரி 19

சவாரிக்குப் போவதை நிறுத்திவிட்டார். அல்சர் ஆறட்டும் என்று அவரே சொல்லிக்கொள்கிறார். நானும் ஆமாம் போடுகிறேன். இடுப்பில் பேண்ட் நிற்கவில்லை, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருக்கிறார்.

அரக்கோணத்திலிருந்து சீலர் டின் வாங்கி வந்து ஃப்ரிட்ஜ் பக்கத்தில் வைத்திருக்கிறார். இன்றைக்கே அடித்துவிட்டால் என்ன என்று கேட்டேன். வண்டி உள்ளே நிற்பதை அவர் பார்க்க வேண்டும், எனக்கு அதுதான். அதைச் சொல்ல முடியுமா? எனக்கு எதிலுமே அவசரம் என்று அவருக்குத் தெரியும், அதனால் சந்தேகப்படவில்லை.

"ஒரு மாசமாவது காயணும் சுஜா. ஈரத்தோட அடிச்சா உள்ள இருக்கற தண்ணி வெளிய வர வழியில்லாம பால் கோத்தாப்பல வெளுத்துப் பூடும்."

மலையேறும்போது எந்த வளைவிலும் முன்னால் போகிற வண்டியை முந்தாத மனிதர். கொதிக்கிற டீயை ஆறவைத்துத்தான் குடிப்பார். பெண் பார்க்க வந்துவிட்டு, எனக்கு பி.எட். முடியட்டும் என்று இரண்டு வருஷம் காத்திருந்தவர். இவரிடம் போய் அவசரம் என்று எப்படிச் சொல்வது?

மார்ச் 1

மாசம் ஆகிவிட்டது. நேற்று ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைச் சதுரமாக வெட்டி, நான்கு பக்கமும் டேப் போட்டுத் தரையில் ஒட்டினார். காலையில் பிரித்துப் பார்த்தால் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். ஒட்டியிருந்த இடம் மட்டும் கறுத்திருந்தது.

"மேல பாத்தா காஞ்சாப்பலதான் இருக்குது. உள்ள வேர்க்குது பாரு" என்றார். அடியில் தார்பாய் விரிக்காமல் ஜல்லி கொட்டியதால் மண் ஈரம் ஏறுகிறதாம். சுப்பனைத் திட்டவில்லை. தன்னைத்தான் திட்டிக்கொண்டார்.

மார்ச் 5

வேர்க்குது.

கண் மஞ்சளாகிவிட்டது. கண்ணாடியில் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அல்சருக்குப் போடுகிற மாத்திரையால் அப்படி ஆகும் என்றேன். ஆங் என்றார். ஒரு டீச்சர் சொல்கிற பொய்யா இது? என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூட இதைவிட நன்றாகச் சொல்லுவார்கள்.

மார்ச் 9

ஞாயிற்றுக்கிழமை. நான் வாசல் தெளிக்கும்போதே ஷெட்டிலிருந்து கூப்பிட்டார். பிளாஸ்டிக்கைப் பிரித்துக் கையில் வைத்திருந்தார்.

"காஞ்சிடுச்சு சுஜா. வேர்க்கல. இன்னைக்கே அடிச்சிடலாம்."

ஷீட் காய்ந்துதான் இருந்தது. தரையைப் பார்த்தேன். அந்தச் சதுரம் கறுப்பாக இருந்தது, அன்றைக்குப் போலவே. அவர் தோளில் கிடந்த துண்டின் முனை நனைந்திருந்தது. இன்னும் முகம்கூடக் கழுவியிருக்கவில்லை அவர்.

ஒரு மாதமாக எனக்குப் பாடம் எடுத்தவர். வேர்வை என்றால் என்ன, கறுப்பு என்றால் என்ன என்று எனக்குக் காட்டிக் கொடுத்தவரே அவர்தான். பாவா, ஈரமா இருக்குது பாரு — நாக்கு நுனி வரை வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவருக்குத் தெரியும். எப்போதிலிருந்தோ தெரியும். காத்திருக்க நேரமில்லை என்று தெரிந்த ஆள்தான் இப்படித் துடைப்பார்.

"ஆங், காஞ்சிடுச்சு பாவா" என்றேன்.

பெருக்கி, துடைத்து, மூக்கைக் கட்டிக்கொண்டு நான்தான் ரோலர் போட்டேன். மூலையிலிருந்து வாசல் பக்கமாகப் பின்னால் நகர்ந்து வரச் சொன்னார். ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, மெல்லிசா, மெல்லிசா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வாசல் ஓரம் கடைசிப் பட்டையை அவரே வாங்கிப் போட்டார். தரை பளபளவென்று இருந்தது, முகம் பார்க்கலாம் போல.

இதை எழுதிக்கொண்டே அவரைத்தான் கேட்கிறேன். எப்படிப்பா தெரிஞ்சுது உனக்கு? யாரு சொன்னாங்க? தெரிஞ்சுகினா இத்தினி நாளா என்கிட்ட காரம் சாப்புடலாமான்னு கேட்டுகினு இருந்த?

மார்ச் 10

வெளுத்துவிட்டது. நடுவில் ஒரு பெரிய பாய் அளவுக்கு, மோர் கொட்டிய மாதிரி.

இரண்டு பேரும் நின்று பார்த்தோம். காப்பி குடிக்க உள்ளே வந்துவிட்டோம்.

மார்ச் 15

இன்று வண்டியை உள்ளே விட்டார். அவரேதான் ஓட்டினார். ஸ்டியரிங்கைத் திருப்ப நான் கை கொடுக்கப் போனேன், முறைத்தார். வெள்ளைத் திட்டின் மேல் சரியாகக் கொண்டுபோய் நிறுத்தினார். மறைக்கிறாராம்.

இன்ஜினை அணைத்தும் இறங்கவில்லை. நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெறும் சுவர்தான். அதையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"நீ எனக்கு அல்சர்னு சொன்ன. நான் உனக்குக் காஞ்சிடுச்சுன்னு சொன்னேன். சரியாப் போச்சு, போ."

அழுதேன். வேலூரிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. அழுது முடிக்கட்டும் என்று அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார், அதற்கும் அவசரப்படவில்லை. கடைசியில், மோனிகாவிடம் எனக்குத் தெரியும் என்று சொல்லாதே, அவள் தாங்கமாட்டாள் என்றார். பெண்ணும் அப்பனும் ஒருத்தரை ஒருத்தர் இப்படிக் காப்பாற்றுகிறார்கள். நடுவில் நான் இருக்கிறேன்.

மார்ச் 28

மோனிகா வந்திருக்கிறாள். அல்சர் எப்படி இருக்குது நைனா என்று கேட்டாள். பரவால்லம்மா, கொறஞ்சிருக்குது என்றார். நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

ஏப்ரல் 17

பாவா போய்விட்டார். விடிந்த பிறகு, மலை மேல் மணி அடித்துக்கொண்டிருந்தபோது. நெற்றி வேர்த்திருந்தது. துடைத்துவிட்டேன்.

மே 4

காரியத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் தரையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். டயர் ஓரமாகத் தெரிகிற வெள்ளையைக் காட்டி, இன்னா இப்படிப் பூடுச்சு என்று கேட்டார்கள். தின்னர் ஊற்றித் தேய்த்து மறுபடி அடித்தால் சரியாகிவிடும், கூலிகூட வேண்டாம் என்று சுப்பன் சொன்னான். ஒரு பாவமும் அறியாதவன். வேண்டாம் என்று நான் சொன்னது கொஞ்சம் கடுமையாகத்தான் விழுந்துவிட்டது.

மோனிகாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 10

ஷெட்டைப் பெருக்கும்போது கவனித்தேன். வாசல் பக்கம் வெள்ளை குறைந்திருக்கிறது. குனிந்து கையால் தேய்த்துப் பார்த்தேன். இந்த வருஷக் கத்திரி வெயிலில் அடி ஈரம் மெல்ல மெல்லப் போயிருக்கிறது, அதனால் தெளிகிறது. சுப்பனும் அப்படித்தான் சொல்கிறான், இப்படியே விட்டா தானா பூடும் என்று.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் எனக்குச் சொன்ன ஒரே பொய் அது. அதுவும் போய்விட்டால் எனக்கு என்ன இருக்கிறது?

ஜூலை 20

மோனிகாவிடம் சொல்லிவிட்டேன். ஷெட்டில் வைத்துத்தான். துண்டின் முனை, கறுத்த சதுரம், வண்டியில் உட்கார்ந்து அவர் சொன்னது எல்லாவற்றையும். தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடிக்கட்டும் என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் 14

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வந்துவிட்டது. தெருவெல்லாம் காவடி, மஞ்சள் துணி, அரோகரா. பாவா எந்த வருஷமும் இந்த நாட்களில் வண்டியைச் சும்மா நிறுத்தியதில்லை. ஸ்டாண்டில் அவருக்குப் பக்கத்தில் வண்டி போடுகிற பக்தவச்சலம் வந்து, நடக்க முடியாத சனம் நிறைய வந்திருக்கிறது, வண்டியைக் கொடுங்கள் அண்ணி என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். சாவியைக் கொடுத்தேன்.

வண்டி வெளியே போனதும் தரை முழுசாகத் தெரிந்தது. சுற்றிலும் தெளிந்து சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. வண்டியின் நிழலிலேயே கிடந்த இடத்தில் மட்டும் வெள்ளை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, ஒரு துண்டை விரித்த அளவுக்கு.

ராத்திரிக்குள் வண்டியைக் கொண்டுவந்து விடுகிறேன் என்றார் பக்தவச்சலம். வெள்ளையைப் பார்த்துவிட்டு, வரும்போது தின்னர் வாங்கியாந்து தேய்ச்சு விடட்டுமா என்றும் கேட்டார்.

"வேணாம் தம்பி. உள்ள இன்னும் வேர்க்குது. அதுபாட்டுக்குக் காயட்டும், எனக்கு அவசரமில்ல."